பத்தொன்பது டிக்கெட்டுகள்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று பழமொழி சொன்னவர் நிரம்ப அநுபவசாலி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் பத்தொன்பது பேர் கொண்ட ஒரு குடும்பத்தை ஒரே மாலையில் சந்தை வேடிக்கை பார்க்க அழைத்துச் சென்று, பத்தொன்பது பேரையும் மறுபடி வீடு கொண்டுவந்து சேர்த்தவர் அல்லர் என்று நிச்சயமாகச் சொல்லலாம். சேர்த்திருந்தால் பழமொழியில் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார்.

எங்கள் குடும்பம் பவானிக்கு அருகில் மஞ்சளும் கரும்பும் தென்னையும் வைத்துப் பிழைக்கிற குடும்பம். வீட்டில் சகோதரர்கள் மூவர். அவர்களைப் பெரியவர், நடுவர், சின்னவர் என்று அழைத்துவிடலாம். இவர்களில் நடுவருக்கு அந்தப் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்தும். பிறப்பிலே நடுவர், மற்ற இருவருக்கும் வழக்கு வரும்போதும் அவரே நடுவர். பெரியவருக்கு மனைவியும், இரண்டு பிள்ளைகளும், இரண்டு மருமகள்களும், மூன்று பேரக் குழந்தைகளும். நடுவருக்கு மனைவியும் இரண்டு பெண்களும். சின்னவருக்கு மனைவியும் ஒரு பையனும் ஒரு பெண்ணும். இவர்களோடு அத்தை ஒருவர். எல்லோருக்கும் மேலே எண்பத்திரண்டு பிராயமான அம்மா. கூட்டிப் பாருங்கள், பத்தொன்பது வரும்.

இந்தக் காலத்தில் பத்தொன்பது பேர் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்கள் என்றால் கேட்பவர்கள் முதலில் ஆச்சரியப்படுவார்கள். பிறகு 'அடடா, எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!' என்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். 2023-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் மேட்டுத் தோட்டத்துக் கிணறு யார் பங்கு என்ற பேச்சு எழுந்தது. வைகாசியில் பேச்சு வாக்குவாதமாயிற்று. ஆனியில் வாக்குவாதமும் நின்றுவிட்டது. அதுதான் ஆபத்தான கட்டம். பெரியவரும் சின்னவரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரே திண்ணையில் இரண்டு கோடியில் உட்கார்ந்துகொண்டு, "மோட்டார் ரிப்பேர்க்காரனை வரச் சொல்லியாச்சா என்று கேள்" என்று ஒருவர் தூணிடம் சொல்லுவார். "வரச் சொல்லியாச்சு என்று சொல்" என்று மற்றவர் கதவிடம் சொல்லுவார். நடுவர் தூணுக்கும் கதவுக்கும் இடையே தூது நடந்து களைத்துப் போனார். ஆவணி மாதம் முதல் முகூர்த்தத்தில் பாகப் பத்திரம் பதிவு செய்துவிடுவது என்று தீர்மானமாயிற்று.

இந்தச் சமயத்தில்தான் அம்மா தமது கோரிக்கையை வெளியிட்டார்.

"பாகம் பிரிச்சுக்குங்க, சாமி. நான் வேண்டாங்கலை. ஆனா அதுக்கு முன்னால ஒரு தடவை, எல்லாரும் ஒண்ணா அந்தியூர்ச் சந்தைக்குப் போயிட்டு வந்துரோணும். ஒருத்தர் குறையப்படாது."

அம்மா எதையும் கேட்கிற வழக்கமில்லை. ஆகையால் இதை மறுக்கிற வழக்கமும் எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

* * *

அந்தியூர்ச் சந்தை என்பது வாராவாரம் கத்தரிக்காயும் கருவாடும் விற்கிற சந்தை அல்ல. ஈரோடு ஜில்லாவில் பர்கூர் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அந்தியூர். அதன் அருகே புதுப்பாளையத்தில் உள்ள குருநாதசுவாமி கோயிலுக்கு ஆடி மாதத்தில் திருவிழா நடக்கிறது. தேர் என்றால் சக்கரத்தில் உருளுவதுதான் நமக்குத் தெரியும். இங்கே மகமேருத் தேர்களைப் பக்தர்கள் தோளிலே சுமந்து வருகிறார்கள். அந்தத் திருவிழாவை ஒட்டிக் கூடுகிற மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் தமிழ்நாடு முழுவதும் பிரசித்தம். திப்பு சுல்தான் காலத்திலேயே படைக்குக் குதிரை வாங்க ஆட்கள் இங்கே வந்தார்கள் என்று ஊரார் சொல்லுவதுண்டு. குதிரையும் மாடும் வந்தால் ஜனங்கள் வருவார்கள். ஜனங்கள் வந்தால் ராட்டினம் வரும். ராட்டினம் வந்தால் பஞ்சு மிட்டாய் வரும். இது எந்த ஊர்த் திருவிழாவுக்கும் பொதுவான விதி.

அப்பா இருந்த காலத்தில் ஆண்டுதோறும் இந்தச் சந்தைக்கு இரட்டை மாட்டு வண்டியில் போவோம். வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, குழந்தைகள் படுத்துக்கொண்டு நட்சத்திரம் எண்ணியபடி போகிற பிரயாணம் அது. இப்பொழுது வாடகை வேன். முக்கால் மணியில் போய்விடலாம். ஆனால் பத்தொன்பது பேர் வேனில் ஏறுவதற்கு ஒன்றரை மணி ஆயிற்று.

பெரியவர் முன் ஆசனத்தில் அமர்ந்ததும் சின்னவர் கடைசி ஆசனத்துக்குப் போய்விட்டார். நடுவர் வழக்கம் போல் நடுவில். அம்மா, புளிச்சோறு, தயிர்ச்சோறு, முறுக்கு, கச்சாயம் ஆகியவை அடங்கிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக ஏற்றச் சொன்னார். கடைசியாக, "ஜமக்காளம் எங்கே?" என்றார்.

அந்த ஜமக்காளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். பவானி ஜமக்காளத்தை அறியாத கல்யாண வீடு தமிழ்நாட்டில் இல்லை. முரட்டுப் பருத்தி நூலைச் சாயம் தோய்த்து, பட்டை பட்டையாகக் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் குழித் தறியில் நெய்வார்கள். அகலமான ஜமக்காளமானால் ஒருவரால் நெய்ய முடியாது. இரண்டு நெசவாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை ஒருவர் தள்ள மற்றவர் வாங்கி நெய்யவேண்டும். இருவருக்கும் மனஸ்தாபம் என்றால் அன்றைக்கு நெசவு இல்லை. 2005-06-ஆம் ஆண்டில் இந்த ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டு ஜமக்காளம் அதற்கு வெகு காலம் முந்தியது. அப்பா சொல்லி நெய்வித்தது. பந்தி முழுவதும் உட்காரலாம். சாயம் மங்கியிருக்கிறதே தவிர, நூல் ஒன்று விட்டுப் போகவில்லை.

சாமான்களை நாலு பாகமாகப் பிரித்து எழுதிய ஜாபிதாவில் அண்டா, குத்துவிளக்கு, தேக்குப் பெஞ்சு எல்லாம் இருந்தன. ஜமக்காளம் மட்டும் இல்லை. மறந்துவிட்டார்களா, அல்லது எழுத யாருக்கும் கை வரவில்லையா என்பது இன்றைக்கும் விளங்காத விஷயம்.

* * *

சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் மாடுகள். காங்கேயம் காளைகள் திமிலை நிமிர்த்திக்கொண்டு, தங்களை வாங்க வந்தவர்களைத் தாங்களே விலை மதிப்பது போல் பார்த்தன. பக்கத்தில் பர்கூர் மலை மாடுகள். செந்நிற உடம்பில் வெள்ளைத் திட்டுகள். சுண்ணாம்பைத் தெளித்தது போல. மலைக் காட்டில் பட்டி போட்டு வளர்ப்பதால் இவற்றுக்கு வேகமும் அதிகம், ரோஷமும் அதிகம். பழக்குவது கடினம், பழகிவிட்டால் களைப்பு அறியாமல் உழைக்கும்.

அங்கே ஒரு தரகர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டிருந்தார் என்பது தவறு. வாய் பேசவே இல்லை. விற்பவரும் தரகரும் கை கோத்து, கைகளின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே விலை சொன்னார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பதில் ஆயிரமும் பதினாயிரமும் அடங்கியிருக்கிறது. சுற்றிலும் ஐம்பது பேர் நின்றாலும் விலை இருவருக்கு மட்டுமே தெரியும். அந்த வித்தையில் அப்பா நிபுணர்.

சின்னவரின் பையன், ஏழு வயது, "பேசாம எப்படி அப்பத்தா பேச முடியும்?" என்று கேட்டான்.

"ஏன் முடியாது, கண்ணு? நம்ம வூட்டுல ஆனி மாசத்துல இருந்து அப்படித்தானே நடக்குது? துண்டு ஒண்ணுதான் பாக்கி" என்றார் அம்மா.

பெரியவர் ஒரு காளையின் பல்லை மிகவும் சிரத்தையாகப் பரிசோதிக்கத் தொடங்கினார். சின்னவருக்குத் திடீரென்று செருப்பு வார் தளர்ந்துவிட்டது.

அடுத்தது குதிரைகள். கத்தியவார் குதிரைகளும் மார்வாரிக் குதிரைகளும் நின்றன. இந்த இரண்டு ஜாதிக்கும் ஒரு விசேஷம் உண்டு: காதுகள் உட்புறமாக வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொடும். காந்தியடிகள் பிறந்த கத்தியவாரிலிருந்து இந்த இனம் காவிரிப் பக்கம் வரைக்கும் வந்திருக்கிறது. கால்களிலே சலங்கை கட்டிய ஒரு வெண்குதிரை மேளத்துக்கு ஏற்ப ஆடிற்று. முன்னங்காலை மடக்கி, பக்கவாட்டில் அடி வைத்து, தாளம் முடிகிற இடத்தில் சரியாக நின்றது. எங்கள் வீட்டுச் சிறுவர் சிறுமியரை அந்த இடத்திலிருந்து பெயர்ப்பதற்கு 'டில்லி அப்பளம்' வாங்கித் தருவதாக வாக்களிக்க வேண்டியிருந்தது. டில்லிக்கும் அந்த அப்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாவிட்டாலும், முறம் அளவு விரிந்து மிளகாய்ப்பொடி தூவிய அந்த அப்பளம் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்தப் பொருட்காட்சியும் நிறைவு பெறுவதில்லை.

* * *

வேடிக்கைப் பகுதிக்குள் போனோம். குடை ராட்டினம், கப்பல் ஊஞ்சல், வளையம் வீசுகிற கடை, பலூன் சுடுகிற கடை, மரணக் கிணறு. எல்லாவற்றிற்கும் மேலாக ஆயிரம் விளக்குகளுடன் ராட்சத ராட்டினம்.

மரணக் கிணற்றைப் பார்த்துப் பயப்படாதவர் அத்தை ஒருவர்தாம். பலகைகளால் அடித்த வட்டமான கிணறு, செங்குத்தான சுவர். அதன்மேல் ஒரு வாலிபன் மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறான். "ஏன் விழுவதில்லை?" என்று நடுவரின் மூத்த பெண் கேட்டாள். கல்லூரியில் படிக்கிற பெரியவரின் இளைய மருமகள் விளக்கினாள். ஓடுகிற வண்டி நேராகவே போகப் பார்க்கிறது. சுவர் குறுக்கே நின்று அதை உள்ளே வளைக்கிறது. அதனால் சக்கரம் சுவரை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்தால் வரும் பிடிப்புத்தான் வண்டியை விழாமல் தாங்குகிறது. வேகம் குறைந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பிடிப்புப் போய்விடும்.

"அப்படீன்னா முட்டிக்கிட்டு ஓடுறதாலதான் அவன் விழாம இருக்கான்?" என்றார் அத்தை.

"ஆமாங்க அத்தை."

"சுவத்துல முட்டறதை நிறுத்துனாத்தான் கீழ விழுவான்?"

"ஆமாங்க."

அத்தை மேலே ஒன்றும் சொல்லவில்லை. பெரியவரையும் சின்னவரையும் ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான்.

பெரியவரின் மனைவி வேடிக்கை பார்ப்பதைவிட வெளியேறும் வழி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதிலேயே கண்ணாயிருந்தார். இதற்காக மருமகள்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியதில்லை. 1886-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி சென்னையில் பீப்பிள்ஸ் பார்க்கில் நடந்த பொருட்காட்சியில் தீப் பிடித்து, நானூறு பேருக்கு மேல் மாண்டு போனார்கள். கூட்டத்துக்குள் குழந்தைகளுடன் போகிறவர்கள் வழியைப் பார்த்து வைப்பது கோழைத்தனம் அல்ல; குடும்பம் நடத்துகிற லட்சணம்.

ஒரு கூடாரத்தைக் காட்டி, "முன்னெல்லாம் இப்படித்தான் சினிமாவும் கூடாரத்துல வரும்னு உங்க பாட்டனார் சொல்வார்" என்றார் அம்மா. அது வாஸ்தவம். கோயமுத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தை விலைக்கு வாங்கி, உத்தியோகத்தை உதறிவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். ஜனங்களைத் தேடிப் போன அந்தச் சினிமா பிறகு கட்டடம் கட்டி உட்கார்ந்துகொண்டு ஜனங்களை வரவழைத்தது. இப்போது மறுபடி கைபேசியாகி ஒவ்வொருவர் சட்டைப் பைக்குள்ளும் வந்துவிட்டது. இந்தக் கடைசி முன்னேற்றத்தில் ஒரு குறை உண்டு. பத்தொன்பது பேர் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து ஒரே இடத்தில் சிரிக்க வகையில்லை.

* * *

இனி ராட்டினத்துக்கு வருவோம்.

ராட்சத ராட்டினத்தின் சரித்திரம் சுவையானது. கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்து நானூறு வருஷம் ஆனதைக் கொண்டாடுவதற்காக 1893-இல் சிகாகோ நகரில் பெரிய கண்காட்சி நடந்தது. அதற்காக பெர்ரிஸ் என்ற என்ஜினீயர் 264 அடி உயரத்துக்கு ஒரு சக்கரம் அமைத்தார். அதில் 36 பெட்டிகள். ஒரு பெட்டியில் அறுபது பேர் ஏறலாம். எங்களைப் போல் மூன்று குடும்பங்களை ஒரே பெட்டியில் போட்டுச் சுற்றிவிடலாம்! சக்கரம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் பெர்ரிஸ் 1896-இலேயே, நாற்பது வயது நிரம்புவதற்குள் காலமானார். 1906-இல் அந்தச் சக்கரத்தையும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அந்தியூரில் நின்ற ராட்டினம் அதற்குக் கொள்ளுப் பேரன் என்று சொல்லலாம். பக்கத்தில் ஆடிய கப்பல் ஊஞ்சலுக்கு நமது ஜனங்கள் 'கொலம்பஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வேறு எங்கேயோ போய்ச் சேர்ந்த அந்த மனிதருடைய கப்பல், கடைசியில் பர்கூர் மலை அடிவாரத்துக்காவது வந்து சேர்ந்ததே என்று ஆறுதல் அடைய வேண்டியதுதான்.

டிக்கெட் தலைக்கு 80 ரூபாய். இங்கே ஒரு சங்கடம் எழுந்தது. முன்பெல்லாம் பொதுப் பணத்திலிருந்து பெரியவர் கொடுப்பார். ஆனி மாதத்தோடு பொதுப் பணம் என்பது நின்றுவிட்டது. யார் கொடுப்பது? பெரியவர் கொடுத்தால், சின்னவர் குடும்பத்துக்கும் சேர்த்தா என்ற கேள்வி. சின்னவர் தம் பங்கை மட்டும் கொடுத்தால், அந்தச் சிறுமையை யார் சகிப்பது? மூவரும் சட்டைப் பையில் கை வைத்தபடி, கையை எடுக்காமல் நின்றார்கள். பின்னாலிருந்த ஜனங்கள் அவசரப்பட்டார்கள்.

அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். "பத்தொன்பது டிக்கெட் குடுங்க" என்றார்.

டிக்கெட் கொடுப்பவர் எங்களைப் பார்த்தார். "கைக்குழந்தைக்கு வேண்டாங்க பாட்டி. ஏறாதவங்களுக்கும் வேண்டாமுங்க."

"ஏறுறது ஏறாதது அவங்க அவங்க இஷ்டம். எங்க வூட்டுக் கணக்கு பத்தொன்பதுங்க. குறைச்சு வாங்கற வழக்கமில்லை."

ஆயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய். நூறும் ஐம்பதும் பத்துமாக எண்ணிக் கொடுத்தார். எத்தனை நாள் சேர்த்த பணமோ, எங்களுக்குத் தெரியாது. டிக்கெட்டுகளை அவரே எல்லோருக்கும் விநியோகம் செய்தார். பத்து மாதக் குழந்தையின் கையிலும் ஒன்று வைத்தார்; குழந்தை உடனே அதை வாயில் போட்டுக்கொண்டது.

பிறகு, தாமும் ஏறப் போவதாகச் சொன்னார். வீட்டில் பாதிப்பேர் வேண்டாம் என்று கெஞ்சினார்கள். "கட்டை வண்டியில மலைக்காடு போய் வந்தவ நான். இது என்ன பெரிசு? இந்தப் பக்கம் பெரியவன் உக்காரட்டும், அந்தப் பக்கம் சின்னவன் உக்காரட்டும். எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

அப்படியே மூவரும் ஒரு பெட்டியில் ஏறினார்கள். மற்றவர்கள் முன்னும் பின்னும் உள்ள பெட்டிகளில். ராட்டினம் மெல்ல எழும்பிற்று.

உயரத்திலிருந்து பார்க்கும்போது சந்தை முழுவதும் ஒரு கோலம் போல் தெரிந்தது. வடக்கே பர்கூர் மலை கறுத்த சுவராக நின்றது. கீழே ஓட்டு வீடுகள், தென்னந்தோப்புகள், தோட்டங்கள். எங்கே ஒருவர் காடு முடிந்து மற்றவர் காடு தொடங்குகிறது என்று அந்த உயரத்திலிருந்து, அதுவும் இருட்டில், சொல்ல முடியவில்லை.

கீழே ஆட்களை ஏற்றுவதற்காக ராட்டினம் நின்றது. அம்மாவின் பெட்டி உச்சியில் இருந்தது. காற்றில் இலேசாக ஆடிற்று. அடுத்த பெட்டியிலிருந்த எங்களுக்கு அவர்கள் பேசியது கேட்கவில்லை. பேசினார்களா என்பதும் தெரியவில்லை. அம்மா இரண்டு கைகளாலும் இருவருடைய கைகளையும் பற்றிக்கொண்டிருந்தது மட்டும் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அந்தக் கைகளின்மேல் அவருடைய சேலைத் தலைப்பு விழுந்திருந்தது.

இறங்கி வந்ததும், "எப்படியிருந்தது அப்பத்தா?" என்று குழந்தைகள் மொய்த்துக்கொண்டார்கள்.

"மேல நல்ல காத்து" என்றார் அம்மா.

* * *

கோயில் பக்கம் கொஞ்சம் வெற்றிடம் பார்த்து ஜமக்காளத்தை விரித்தோம். கட்டுச்சோறு பிரிப்பதற்கு முன்னால் தலைகளை எண்ணுவது வழக்கம். நடுவர் எண்ணினார்: பதினெட்டு. தம்மை விட்டுவிட்டு எண்ணியிருப்பார், பரமார்த்த குருவின் சீடர்களைப் போல, என்று பரிகாசம் செய்தபடி பெரியவரின் மூத்த மகன் எண்ணினான்: பதினெட்டு. சிரிப்பு நின்றது. சின்னவரின் பையனைக் காணோம்.

அவனுடைய தாயார் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தார். அந்த முகத்தை எழுத்தில் எழுத முடியாது. ஆயிரக்கணக்கான ஜனங்கள், நூற்றுக்கணக்கான விளக்குகள், ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பாட்டு. ஏழு வயதுப் பையன் எந்தத் திசையில் போனான் என்று யாரைக் கேட்பது?

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, நீ ராட்டினப் பக்கம் பாரு. நான் குதிரைப் பக்கம் போறேன்."

ஆனி மாதத்துக்குப் பிறகு தூணும் கதவும் இல்லாமல் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"செரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுச் சின்னவர் ஓடினார். சொன்னதை அவரே கவனித்தாரோ என்னவோ!

கால் மணி நேரம் கழிந்தது. கால் மணி நேரம் எவ்வளவு நீளமானது என்பதை அன்றுதான் அறிந்தோம். பிறகு சந்தை ஒலிபெருக்கியில் பாட்டு நின்று, ஒரு குரல் கேட்டது. நீல நிறச் சட்டை அணிந்த ஏழு வயதுப் பையன் ஒருவன் போலீஸ் உதவிக் கூடாரத்தில் இருப்பதாகவும், வீட்டார் வந்து அழைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அந்தக் குரல் சொல்லிற்று. எந்த வீட்டுப் பையன் என்பதையும் சொல்லிற்று. அதற்காக அது சொன்ன பெயர் சின்னவருடைய பெயர் அல்ல, பெரியவருடைய பெயர்.

ஒரு முறை அல்ல, மூன்று முறை அந்தப் பெயர் சந்தை முழுவதும் ஒலித்தது.

சின்னவர் ராட்டினத்தின் அருகே நின்று அதைக் கேட்டார். பெரியவர் குதிரை லாயங்களுக்கு நடுவே நின்று கேட்டார். இரண்டு பேரும் இரண்டு திசையிலிருந்து கூடாரத்துக்கு ஓடிச் சேர்ந்தார்கள். பையன் ஆடுகிற வெண்குதிரையை மறுபடி பார்க்கப் போய் வழி தவறியிருக்கிறான். போலீஸ்காரர், "எந்த வீடு?" என்று கேட்டதும், பிறந்தது முதல் ஊரில் எல்லோரும் எப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறானோ அப்படியே சொல்லியிருக்கிறான். அவனுக்கு வேறு வீடு ஏதும் இருப்பதாகத் தெரியாது. பாகப் பத்திரத்தைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது பையன் பெரியவரின் தோள்மேல் உட்கார்ந்திருந்தான். சின்னவர் அவனுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். இருவரும் பேசிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பேசாமல் வந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சின்னவரின் மனைவி பையனை வாங்கி மார்போடு அணைத்து, முதுகில் ஓர் அடியும் கன்னத்தில் ஒரு முத்தமும் ஏக காலத்தில் கொடுத்தார். பெரியவரின் மனைவி தம் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தார்.

நடுவர் மறுபடியும் எண்ணினார். பத்தொன்பது. புளிச்சோறு அன்றைக்கு இருந்த ருசியைப் போல் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை.

* * *

இந்த இடத்தில் கதையாக இருந்தால், பாகப் பத்திரத்தைக் கிழித்துக் காவிரியில் விட்டார்கள் என்று முடித்துவிடலாம். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. ஆவணி முகூர்த்தத்தில் பத்திரம் பதிவாயிற்று. அது நியாயமும்கூட. வளர்ந்த பிள்ளைகள், வெவ்வேறு தொழில், வெவ்வேறு செலவு. எல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்தில் அடங்கும் காலம் போய்விட்டது. கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள், அதற்குள் ஒவ்வொரு நாளும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய மருமகள்களைக் கேட்டுவிட்டுப் பேசுவது நல்லது. இப்போது மூன்று அடுப்புகள் எரிகின்றன. மூன்றிலும் நிம்மதியாகச் சமையல் நடக்கிறது.

ஆனால் பத்திரத்தில் இரண்டு மாறுதல்கள் நேர்ந்தன. மேட்டுத் தோட்டத்துக் கிணறு யார் பங்குக்கும் போகவில்லை. மூவருக்கும் பொதுவாக, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வது என்று எழுதினார்கள். அதைச் சொன்னவர் சின்னவர். முதல் முறையைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்தவர் பெரியவர். மற்றொன்று, முதல் ஜாபிதாவில் இல்லாத ஜமக்காளம் கடைசி ஜாபிதாவிலும் இடம் பெறவில்லை. இந்தத் தடவை அது மறதி அல்ல. அது அம்மாவின் அறையில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. யார் வீட்டு விசேஷமானாலும் எடுத்து விரிக்கலாம், மறுநாள் உதறி மடித்துக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

2024-ஆம் வருஷம் ஆடி மாதத்திலும் அந்தியூர் போனோம். மூன்று அடுப்புகளில் சமைத்த கட்டுச்சோறு, ஒரே வேன். பெரியவரின் மூத்த மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தபடியால் கணக்கு இருபது. அம்மாவுக்கு முழங்கால் வலி, ராட்டினத்தில் ஏறவில்லை. ஆனால் டிக்கெட் வாங்குகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சுருக்குப் பையை அவர் அவிழ்ப்பதற்கு முன்னால் பெரியவர் பணத்தை நீட்டினார். "நீங்க இருங்கண்ணா" என்று சின்னவர் அந்தக் கையைத் தள்ளிவிட்டுத் தம் பணத்தை நீட்டினார். இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக, நடுவரும் கட்சி சேர்ந்து கையை நீட்டினார். மூவரும் உரத்த குரலில், முகத்துக்கு முகம் பார்த்துச் சண்டை போட்டார்கள். பின்னால் நின்ற ஜனங்கள் அவசரப்பட்டார்கள். டிக்கெட் கொடுப்பவர் யாரிடம் வாங்குவது என்று தெரியாமல் விழித்தார்.

அம்மா அவர்களை விலக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தச் சண்டையை ஆதி முதல் அந்தம் வரை ரசித்துக்கொண்டிருந்தார்.